கழுத்துச் சிரையைத் திறந்தால் எம்.எஸ். குணமாகுமா? ஒரு சிகிச்சையின் எட்டு ஆண்டுக் கதை

2009 நவம்பர் 21 அன்று கனடாவின் சிடிவி தொலைக்காட்சியில் டபிள்யூ5 என்ற செய்தி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பாவ்லோ ஸம்போனி, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) நோயின் காரணத்தையே பிடித்துவிட்டார் என்ற நம்பிக்கையை அது வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் சொன்ன விளக்கம் இதுதான்: கழுத்திலும் மார்பிலும் உள்ள சிரைகள் சிலருக்குக் குறுகியிருக்கின்றன, மூளையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் இறங்க முடியாமல் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, மூளையில் இரும்புச்சத்து படிந்து அழற்சி உண்டாகிறது. சிரைக்குள் பலூனை விட்டு விரித்தால் நோய் தணியும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. இந்தச் சிகிச்சைக்கு 'லிபரேஷன்', அதாவது விடுதலை, என்று பெயர் விழுந்தது.

அதுவரை மருத்துவ உலகம் அறிந்திருந்தது வேறு. எம்.எஸ். என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் நோய். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற உறை அந்தத் தாக்குதலில் அரிக்கப்படுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்கு அதிகம் வரும். ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் இழுக்கும், வேறொருவருக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே தூக்கிப் போடும் களைப்பு. முழுக்கக் குணமாக்கும் மருந்து 2009இல் இல்லை, இன்றும் இல்லை. கனடாவில் இன்று 90,000 பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். உலகிலேயே எம்.எஸ். அதிகமுள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட நாட்டில் 'காரணம் கிடைத்துவிட்டது, ஒரே நாளில் சரிசெய்யலாம்' என்ற செய்தி வந்தால் என்ன ஆகும்?

ஃபேஸ்புக்கில் நூற்றுக்கணக்கான குழுக்களும் பக்கங்களும் முளைத்தன. நாடாளுமன்றம் வரை கோரிக்கை போனது. சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் சுமார் 30,000 பேர் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டார்கள் என்று மதிப்பிடப்படுகிறது.

இதை நம்பியவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸம்போனி மூலிகைப் பொட்டலம் விற்றவர் அல்ல, பேராசிரியர். அவருடைய மனைவிக்கே எம்.எஸ். இருந்தது, இந்தக் காரணத்தை அவர் தேடத் தொடங்கியதே அதனால்தான். மனைவிக்கும் இந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரை 2009 ஏப்ரலில் மதிப்புள்ள நரம்பியல் இதழில் வந்தது. அப்புறம், அந்த விளக்கம் யாருக்கும் சட்டென்று புரியும்: வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கும், அடைப்பை எடுத்தால் ஓடும். நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் எப்படிப் புகுகின்றன என்று ஒரு நரம்பியல் மருத்துவர் பத்து நிமிடத்தில் விளக்க முயன்றால், அடைத்த குழாயின் படத்துக்கு முன்னால் அது நிற்காது. எம்.எஸ். சார்ந்த தவறான நம்பிக்கைகளில் முதலாவது இங்கேதான் பிறக்கிறது. காதுக்கு எளிதாக ஏறும் விளக்கம் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

நூற்றுக்கு நூறு

முதல் ஆய்வில் 65 எம்.எஸ். நோயாளிகளும், ஒப்பிடுவதற்கு 235 பேரும் இருந்தார்கள். நோயாளிகள் அத்தனை பேருக்கும் சிரைக் கோளாறு இருந்தது, மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை என்று முடிவு வந்தது. பலரை மலைக்க வைத்த இந்த 'நூற்றுக்கு நூறு' தான் அனுபவமுள்ள ஆய்வாளர்களைத் தயங்க வைத்தது. மனித உடலை அளக்கும் எந்தச் சோதனையும் அவ்வளவு சுத்தமாக இரண்டு குழுக்களைப் பிரித்துவிடுவதில்லை.

சோதனை எப்படி நடந்தது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கழுத்தில் ஜெல் தடவி, டாப்ளர் ஸ்கேன் கருவியை வைத்து, படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். ஐந்து அளவுகோல்கள். அவற்றில் இரண்டு பொருந்தினாலே கோளாறு உண்டு என்று கணக்கு. ஆனால் சிரையின் சுவர் தமனியைப் போல உறுதியானது அல்ல. கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தால் சிரை தட்டையாகிவிடும். அன்றைக்குத் தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் மெலிந்து தெரியும். மூச்சை இழுக்கும்போது ஓர் அளவு, விடும்போது ஓர் அளவு, தலையைத் திருப்பினால் வேறோர் அளவு. எழுந்து உட்கார்ந்ததும் கழுத்தின் ஜுகுலர் சிரை தானாகச் சுருங்குவது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். அப்போது ரத்தம் முதுகெலும்பை ஒட்டிய சிரைகள் வழியாக இறங்குகிறது. இப்படிப்பட்ட சோதனையில், எதிரே படுத்திருப்பவர் நோயாளியா இல்லையா என்பது கருவி பிடிப்பவருக்குக் கொஞ்சமும் தெரியக் கூடாது. தெரிந்தால், கை தன்னை அறியாமலே தேடியதைக் கண்டுபிடிக்கும்.

மற்றவர்கள் செய்து பார்த்தபோது எண்கள் கலைந்தன. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் சுமார் 500 பேரைச் சோதித்ததில், எம்.எஸ். உள்ளவர்களில் 56 சதவீதம் பேருக்கும் ஆரோக்கியமானவர்களில் 23 சதவீதம் பேருக்கும் இந்தக் குறுகல் இருந்தது. பெர்லினில் 2010இல் 56 நோயாளிகளைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஸம்போனியின் வரையறைக்குள் வரவில்லை. ஓர் இடத்தில் நூறு, ஓர் இடத்தில் ஐம்பத்தாறு, ஓர் இடத்தில் பூஜ்யம். நோய் ஒன்றே, சோதனை செய்த கை மாறியிருக்கிறது.

2013இல் இத்தாலியின் 'காஸ்மோ' ஆய்வு வெளியானது. நாடு முழுவதும் பல மையங்களில், யார் நோயாளி என்று தெரியாத வல்லுநர்கள் ஸ்கேன் படங்களைப் படித்தார்கள். எம்.எஸ். உள்ளவர்களில் 3.26 சதவீதம், ஆரோக்கியமானவர்களில் 2.13 சதவீதம், வேறு நரம்பு நோய் உள்ளவர்களில் 3.10 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு கனடாவில் ஆந்தனி டிராபோல்சியின் குழு ஸ்கேனை நம்பாமல், சிரைக்குள்ளேயே குழாய் செலுத்தி, சாயம் விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தது. நோயாளிகள், அவர்களின் உடன்பிறந்தவர்கள், தொடர்பே இல்லாத ஆரோக்கியமானவர்கள் என்று மூன்று குழுக்கள். சிரை பாதிக்கு மேல் குறுகியிருந்தவர்கள் முறையே 74, 66, 70 சதவீதம். குறுகல் இருப்பது உண்மைதான். யாருடைய கழுத்தைப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது. அது மனித உடலின் இயல்பான வேறுபாடு. நோயின் தடயம் அல்ல.

'போய்விட்டு வந்ததும் நன்றாக இருக்கிறது'

காரணம் தவறாக இருந்தாலும் சிகிச்சை பலிக்கலாமே என்று ஒருவர் கேட்பது நியாயம். நோயாளிகள் பொய் சொல்லவில்லை. களைப்பு குறைந்தது, மூளை தெளிந்தது, சில்லிட்டிருந்த கால்கள் சூடானது என்று பலர் சொன்னார்கள். சிலர் எழுந்து நடக்கும் வீடியோக்கள் லட்சக்கணக்கானோரைத் தொட்டன.

இந்த நோயின் போக்கைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீடியோக்களை எடைபோட முடியாது. எம்.எஸ். உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அது விட்டு விட்டு வரும் வகையாகத்தான் தொடங்குகிறது. ஒரு தாக்குதல் வரும், சில நாட்களில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஓரளவோ முழுமையாகவோ தானாகத் தணியும். ஒருவர் எப்போது கடன் வாங்கி, சிகிச்சை தேடி விமானம் ஏறுவார்? உடல் நன்றாக இருக்கும் மாதத்திலா? மோசமான கட்டத்தில்தான். அந்தக் கட்டத்தில் என்ன செய்தாலும், எதுவுமே செய்யாவிட்டாலும், அடுத்து வருவது பெரும்பாலும் தணிவுதான். சிகிச்சை செய்துகொண்டவர் அந்தத் தணிவைச் சிகிச்சையின் கணக்கில் எழுதுவார். அவரிடம் குற்றமில்லை, நோயின் அமைப்பே அப்படி.

தேனீக் கொட்டு, பல்லில் அடைத்த பாதரசக் கலவையை எடுப்பது, அழுத்த அறையில் ஆக்சிஜன் என்று எம்.எஸ். நோயாளிகளைக் கவர்ந்த சிகிச்சைகள் ஒவ்வொன்றுக்கும் 'எனக்குக் கேட்டது' என்று சொல்லும் உண்மையான மனிதர்கள் கிடைத்ததும் இதனால்தான். ஆக்சிஜன் சிகிச்சைக்கு 1983இல் நல்ல முடிவோடு ஓர் ஆய்வே வந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. தேனீக் கொட்டை நெதர்லாந்தில் 26 பேரிடம் முறையாகச் சோதித்தார்கள். மூளையின் புதிய காயங்களோ, ஊனமோ, களைப்போ குறையவில்லை.

ஸம்போனியின் 2009 டிசம்பர் கட்டுரை 65 பேருக்குப் பலூன் சிகிச்சை செய்ததைப் பற்றியது. எல்லோருக்கும் சிகிச்சை உண்டு, எல்லோருக்கும் அது தெரியும், ஒப்பிட மறுகுழு இல்லை. போதாததற்கு, ஜுகுலர் சிரைகளில் கிட்டத்தட்ட பாதி மீண்டும் குறுகிவிட்டிருந்தன. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணம், வெளிநாடு போய்ச் செய்துகொண்டு திரும்பிய 30 பேரைப் பின்தொடர்ந்தது. முதல் மாதங்களில் முன்னேற்றம் சொன்னவர்களுக்கும் அது ஆண்டு முடிவுவரை நிற்கவில்லை. மருத்துவர் அளந்து பார்க்கக்கூடிய மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

விமானம் ஏறியவர்கள்

கனடாவில் இந்தச் சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே செய்ய அனுமதி கிடைக்கவில்லை. போலந்து, கோஸ்டாரிகா, மெக்சிகோ, இந்தியா என்று மக்கள் பறந்தார்கள். பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. மருத்துவச் சுற்றுலா நடத்தும் இந்திய மருத்துவமனைகளும் இதைத் தொகுப்பாக விற்றன. வீட்டை அடமானம் வைத்தவர்கள் உண்டு, ஊர்கூடி நிதி திரட்டிக் கொடுத்ததும் உண்டு.

'குழாயை விரிப்பதுதானே, பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லை' என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தந்த எண்ணம். பலூன் போதாதென்று பல இடங்களில் ஸ்டென்ட், அதாவது குழாய் சுருங்காமல் தாங்கும் வலைக்குழல், வைத்தார்கள். அந்த ஸ்டென்ட் தமனிக்காகச் செய்யப்பட்டது. தமனி போகப் போகக் குறுகும். அதில் ஸ்டென்ட் நழுவினாலும் வழியில் எங்காவது மாட்டிக்கொள்ளும். சிரை இதயத்தை நோக்கிப் போகப் போக அகலமாகிறது. கழுத்தில் வைத்த ஸ்டென்ட் நழுவினால் நேராக இதயத்துக்குள் போய் விழும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பத்திலேயே அப்படி நடந்து, ஒருவருக்கு இதயத்தைத் திறந்து அறுவை செய்ய நேர்ந்தது. அங்கேயே சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்த இன்னொருவர் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அந்த மருத்துவமனை சிகிச்சையை நிறுத்திக்கொண்டது. 2010இல் கோஸ்டாரிகாவில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட கனடாக்காரர் ஒருவர், அதில் ரத்தம் உறைந்து, பின்விளைவுகளால் உயிரிழந்தார். 2012 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மரணம், பக்கவாதம், ஸ்டென்ட் நகர்வு, சிரைச் சேதம் என்று பட்டியலிட்டுப் பகிரங்க எச்சரிக்கை விட்டது.

அரசியல்வாதிகள் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண முதல்வராக இருந்த பிராட் வால் 2010இல் ஆய்வுக்கு 50 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பணத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் நடந்த ஆய்வுக்கு நோயாளிகளை அனுப்பினார்கள். போதிய ஆட்கள் சேராமல் 2013இல் அது கைவிடப்பட்டது. கனடாவின் மத்திய அரசு முதலில் ஆய்வு தேவையில்லை என்ற வல்லுநர் பரிந்துரையை ஏற்றது, பின் 2011 ஜூனில் மனம் மாறியது. என்னைக் கேட்டால், அந்த ஆய்வு 2010இலேயே தொடங்கியிருக்க வேண்டும். காரணமே நிறுவப்படாத சிகிச்சையில் மனிதர்களை இறக்கக் கூடாது என்ற எதிர்வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இறங்கிவிட்டிருந்தார்கள், அளவெடுக்க யாரும் இல்லாத இடங்களில். திரும்பி வந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்க மருத்துவர்கள் தயங்கினார்கள் என்ற புகாரும் எழுந்தது. கதவைச் சாத்தியதில், 'எதையோ மறைக்கிறார்கள்' என்ற சந்தேகம்தான் வளர்ந்தது.

பலூனை விரிக்காமல் ஒரு சிகிச்சை

கடைசியில் கேள்விக்கு விடை தந்தது மிகப் பழைய முறை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பது. எல்லோரையும் ஒரே மேஜையில் படுக்க வைத்து, தொடை இடுக்கில் ஊசி துளைத்து, குழாயைக் கழுத்துவரை ஏற்றி, சாயம் விட்டுப் படம் எடுப்பது. ஒரு பாதிப் பேருக்குப் பலூனை விரிப்பது. மறுபாதிக்கு விரிக்காமலே வெளியே எடுப்பது. இருவருக்கும் அதே தழும்பு, அதே ஓய்வு அறை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் அவரைச் சோதிக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் தெரியாது.

முதலில் பஃபலோவில் சிறிய அளவில் செய்தார்கள். 2014இல் வெளியான முடிவில் பலன் இல்லை. பலூன் விரித்தவர்களின் மூளையில் நோயின் வேகம் கூடியிருக்கலாம் என்ற அறிகுறிகூட இருந்தது. கனடாவின் ஆய்வில் வான்கூவர், வினிபெக், மான்ட்ரியல், கியூபெக் நகரங்களில் 104 பேர். 2017இல் முடிவு அறிவிக்கப்பட்டது: 48 வாரங்களுக்குப் பிறகு இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

இன்னொரு ஆய்வை நடத்தியவர் ஸம்போனியே. இத்தாலியில் ஆறு மையங்கள், எமிலியா-ரோமாஞ்யா பிராந்திய அரசின் பணம், 'பிரேவ் ட்ரீம்ஸ்' என்று பெயர். நடை, உடல் சமநிலை, கைவிரல் திறன், பார்வை, சிறுநீர் முழுக்கப் போகிறதா என்று நோயாளிகளின் அன்றாடத்தோடு ஒட்டிய அளவீடுகளை எடுத்தார்கள். 12 மாத முடிவில் பலூன் விரித்தவர்களில் 41.7 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். விரிக்காதவர்களில் 48.7 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். மூளை ஸ்கேனிலும் வித்தியாசம் இல்லை. எம்.எஸ். நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2017 நவம்பரில் அவருடைய குழுவே எழுதியது. தன் பெயரோடு பிணைந்த கருத்தைத் தன் கையாலேயே மூடி வைப்பது லேசான காரியம் அல்ல. அந்த நேர்மைக்காக அவரை நான் மதிக்கிறேன்.

எதுவும் செய்யப்படாதவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முன்னேறினார்கள் என்ற அந்த 48.7ஐ, எம்.எஸ். உள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'பத்துப் பேருக்குக் கொடுத்தேன், ஐந்து பேர் தேறினார்கள்' என்று யாராவது சொன்னால், அது ஒன்றுமே கொடுக்காமல் கிடைத்த எண்ணிக்கைதான்.

கம்பெனிகள் மறைத்தார்களா?

மருந்துக் கம்பெனிகள் லாபம் போய்விடும் என்று இதை அமுக்கிவிட்டன என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. எம்.எஸ். மருந்துகளின் விலை அநியாயம் என்பதும், கம்பெனிப் பணம் நரம்பியல் துறையில் புழங்குகிறது என்பதும் உண்மை, சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனால் இந்தச் சிகிச்சையை வீழ்த்திய எண்கள் அரசுகளும் நோயாளிச் சங்கங்களும் பணம் போட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. பலூனும் ஸ்டென்டும் கம்பெனிச் சரக்குதான் என்பதையும், அவற்றை வைத்தவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள் என்பதையும் இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

மலிவான பொருள் என்பதால் ஆய்வே செய்ய மாட்டார்கள் என்பதும் சரியல்ல. வைட்டமின் டி-யைப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் தெளிவான பலன் இல்லை. 2025இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், முதல் தாக்குதல் வந்து இன்னும் மருந்து தொடங்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்தபோது, 60 சதவீதம் பேருக்கு நோயின் செயல்பாடு தெரிந்தது; போலி மருந்து எடுத்தவர்களில் அது 74 சதவீதம். நல்ல செய்தி. ஆனால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தினமும் பல்லாயிரம் யூனிட் விழுங்கி, கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம்

இங்கே பலூன் சிகிச்சையைக் கேட்பவர்கள் இப்போது குறைவு. அதன் இடத்தில் வேறு நம்பிக்கைகள். 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் எந்த நோயும் அண்டாது' என்று சீந்தில் கொடியும் அமுக்கராச் சூரணமும் உறவினர்கள் அன்போடு வாங்கித் தருகிறார்கள். எம்.எஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்து வரும் நோய் அல்ல. அந்தச் சக்தியே திசை தவறித் தன் உடலைத் தாக்கும் நோய். அதைக் கிளறிவிட ஆசைப்படுவது தலைகீழான யோசனை. இந்த இரண்டினாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். இன்டர்ஃபெரான், டெரிஃப்ளூனமைடு போன்ற எம்.எஸ். மருந்துகளுக்கும் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும் என்பதால், இரண்டும் சேர்ந்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் சோதனைக்கூடங்களில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. எம்.எஸ். தாக்குதலைச் சீக்கிரம் தணிக்க மருத்துவர்கள் கொடுப்பதும் ஸ்டீராய்டுதான். ஆகவே அந்தப் பொடி 'கேட்கும்'. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் சேர்ந்து வரும்.

ஸ்டெம் செல் விஷயத்தில் குழப்பம் இன்னும் பெரிது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. தீவிரக் கீமோ கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தைத் துடைத்துவிட்டு, நோயாளியின் ரத்த மூல அணுக்களையே திருப்பிச் செலுத்தும் சிகிச்சை, மருந்துக்கு அடங்காத விட்டு விட்டு வரும் வகையில் வேலை செய்கிறது. 2019இல் வெளியான, 110 பேரைக் கொண்ட ஆய்வில் அது மருந்துகளைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. அது பெரிய மருத்துவமனையில் பல வாரம் தங்கிச் செய்யும் ஆபத்தான காரியம். இங்கே விளம்பரத்தில் வரும் 'நாலு ஊசி, அன்றே வீட்டுக்கு' சிகிச்சை அதுவல்ல. ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, எம்.எஸ். போன்ற நோய்களுக்கு ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. லட்சக்கணக்கில் கட்டணம் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

யோகா, நீச்சல், பிசியோதெரபி, குளிர்ந்த நேரத்தில் நடை இவை களைப்பையும் தசை இறுக்கத்தையும் குறைக்க உதவுகின்றன, தாராளமாகச் செய்யலாம். ஆபத்து வேறு பக்கம். யாரோ சொன்னார்கள் என்று மருந்தை நிறுத்திவிடுவது. நடாலிஸுமாப், ஃபிங்கோலிமோடு என்ற எம்.எஸ். மருந்துகளில் எதையும் சட்டென்று நிறுத்தினால் சில மாதங்களுக்குள் முன்பைவிடக் கடுமையான தாக்குதல் திரும்பி வரலாம். அதில் போன நடை எல்லோருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை. வீட்டில் என்ன சூரணம், என்ன மாத்திரை எடுக்கிறீர்களோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சலித்துக்கொண்டாலும் காட்டுங்கள். மருந்தை விட வேண்டும் என்று தோன்றினால், அடுத்த மருந்து எது, எப்போது தொடங்குவது என்று அவரிடம் முடிவுசெய்த பிறகு விடுங்கள்.